கடல்மேல் மிதக்கும் காடு



தமிழ்நாட்டுப் படத்தை எடுத்து முன்னால் விரித்துக்கொள்ளுங்கள். சென்னையில் விரலை வைத்து, கடற்கரையைத் தொட்டபடியே தெற்கு நோக்கி நகர்த்துங்கள். புதுச்சேரி, கடலூர், தரங்கம்பாடி, நாகப்பட்டினம் என்று கரை ஏறக்குறைய நேராகவே இறங்கி வரும். வேதாரணியத்தைத் தாண்டியதும் திடீரென்று முழங்கையைப் போல் மடங்கி மேற்கே திரும்பிவிடும். அந்த மடக்கின் முனைதான் கோடியக்கரை. கோடி என்றால் முனை, கடைசி என்று பொருள். காவிரிச் சமவெளி முடியும் இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

இந்த முனையில் ஒரு காடு இருக்கிறது. மனிதர் நட்டு வளர்த்த சவுக்குத் தோப்போ முந்திரித் தோப்போ அல்ல; தானாக முளைத்துத் தலைமுறை தலைமுறையாக நிற்கும் காடு. அதன் நிலையை எண்ணிப் பாருங்கள். கிழக்கே வங்கக் கடல். தெற்கே பாக் நீரிணை. மேற்கே மைல் கணக்கில் உப்புச் சதுப்பு. காலுக்குக் கீழே மணல். ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு மாதக்கணக்கில் வெயில்தான். காட்டுக்குள் ஓடும் ஆறு என்று எதுவும் கிடையாது.

அப்படியிருந்தும் மே மாத வெயிலில் போய்ப் பாருங்கள், மரங்கள் பச்சையாகவே நிற்கும். எப்படி? இந்த மரங்கள் எங்கிருந்து தண்ணீர் குடிக்கின்றன?

இந்தக் கேள்வியைப் பையில் போட்டுக்கொண்டு புறப்படுவோம். விடை அந்த மணலுக்குள்ளேயே இருக்கிறது.

வயலிலிருந்து மணலுக்கு

தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரணியம் போகலாம். ஏறக்குறைய 100 கி.மீ. தூரம். வழிநெடுகிலும் நெல் வயல்கள். தரை முழுவதும் காவிரி கொண்டுவந்து சேர்த்த வண்டல். போகப் போக வாய்க்கால்கள் ஒடுங்குவதைக் காண்பீர்கள். இதுதான் கடைமடைப் பகுதி. மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம் என்பதால் உழவர்கள் வைத்த பெயர் அது.

வேதாரணியத்தை நெருங்கும்போது தரையின் நிறமே மாறிவிடுகிறது. கறுப்பு வண்டல் போய் வெளுத்த மணல் வருகிறது. வண்டலைக் கொண்டுவந்தது ஆறு. மணலைக் குவித்தது கடல். அலையும் நீரோட்டமும் காற்றும் கரையோரமாக மணல் வரப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டிவிட்டுப் போயிருக்கின்றன. இரண்டு வரப்புகளுக்கு இடையே பள்ளம். அதற்கப்பால் இன்னொரு வரப்பு. கோடியக்கரை நிலம் முழுவதும் இப்படித்தான் அமைந்திருக்கிறது. இந்த மேடு பள்ளத்தை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

வேதாரணியம் என்பது வடமொழிப் பெயர். அதன் தமிழ்ப் பெயர் திருமறைக்காடு. மறை என்றால் வேதம். வேதங்கள் பூசித்து அடைத்துச் சென்ற கோயில் கதவை அப்பர் பாடித் திறக்க, சம்பந்தர் பாடி மீண்டும் அடைத்தார் என்று பெரிய புராணம் கூறுகிறது. அப்பரும் சம்பந்தரும் 7-ஆம் நூற்றாண்டினர். அன்றே இந்த ஊர்ப்பெயரில் காடு இருந்தது என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி.

உப்பு விளையும் ஊர்

வேதாரணியத்திலிருந்து தெற்கே போனால் அகத்தியம்பள்ளி. திருத்துறைப்பூண்டியிலிருந்து இதுவரை ரயில் பாதை உண்டு. 2023-இல் அகலப் பாதையாகத் திறக்கப்பட்டது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை உப்பளங்கள். சாலையோரத்தில் ஒரு நினைவுத் தூண் நிற்கிறது.

1930 ஏப்ரல் 6-ஆம் நாள் காந்தியடிகள் குஜராத்தின் தண்டியில் உப்பெடுத்துச் சட்டத்தை மீறினார். ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 13-இல், ராஜாஜியின் தலைமையில் ஏறக்குறைய நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து கால்நடையாகப் புறப்பட்டார்கள். தஞ்சை, கும்பகோணம், மன்னார்குடி வழியாக ஏறத்தாழ 150 மைல் நடந்து ஏப்ரல் 28-இல் வேதாரணியம் வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்குச் சோறோ இடமோ கொடுப்பவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று அப்போதைய தஞ்சை கலெக்டர் தார்ன் எச்சரித்திருந்தார். மக்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள் என்று இன்றும் சொல்வார்கள். ஏப்ரல் 30-இல் ராஜாஜி இங்கே உப்பெடுத்துக் கைதானார். ஊரில் எல்லா ஏற்பாடுகளையும் முன்னின்று செய்தவர் சர்தார் வேதரத்தினம் பிள்ளை.

வரலாற்று வகுப்பில் இதைப் படித்திருப்பீர்கள். இயற்பியல் வாத்தியாராக நான் ஒரு கணக்கைச் சேர்க்கிறேன். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அதில் நாம் சோற்றில் போடும் உப்பு, அதாவது சோடியம் குளோரைடு, சுமார் 27 கிராம். ஆகவே ஒரு கிலோ உப்புக்கு 37 லிட்டர் கடல்நீர் வற்ற வேண்டும். ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறக்குறைய 2.4 மெகாஜூல் வெப்பம் வேண்டும். 37 லிட்டருக்கு 89 மெகாஜூல்! கொஞ்சமும் வீணாகாமல் எரித்தாலுங்கூட 6 கிலோ காய்ந்த விறகு இதற்குச் செலவாகும். உப்பளத்தில் இந்த வெப்பம் முழுவதையும் சூரியன் காசில்லாமல் கொடுக்கிறது. ஆவியைக் காற்று வாரிக்கொண்டு போகிறது.

உப்பளத்தில் ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு நீர் மாறும்போது அது கெட்டியாகிக்கொண்டே வரும். மிதவைமானி ஒன்றை நீரில் விட்டு அதன் அடர்த்தியைப் பார்ப்பார்கள். மானியின் போமே அளவில் 25 பாகை வரும்போது உப்புப் படிகங்கள் தோன்றத் தொடங்கும். கரைந்த உப்பு கூடக்கூட நீரின் அடர்த்தியும் கூடும் என்ற பாடம் இங்கே அன்றாட வேலையாகிவிட்டது.

இந்த ஒரு பாடத்தைக் கையில் எடுத்துக்கொண்டால் போதும். உப்பளத்தை விளக்கும் அதே விதிதான் அடுத்து வரும் காட்டையும் விளக்கப் போகிறது.

காட்டுக்குள்

கோடியக்கரைக் காடு 1967-இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அன்று அது தஞ்சை மாவட்டம். 1991-இல் பிரிந்தபின் நாகப்பட்டினம் மாவட்டம். சுற்றியுள்ள சதுப்பு நிலங்களும் சேர்த்து 2002-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன.

மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டை மனத்தில் வைத்துக்கொண்டு வந்தால் ஏமாந்துபோவீர்கள். இங்கே வானளாவிய மரங்கள் இல்லை. பெரும்பாலும் குட்டையான, முறுக்கேறிய, அடர்ந்த மரங்கள். இடையிடையே முட்புதர்கள், கொடிகள். முதன்மையான மரம் பாலை. உலக்கை செய்ய உதவும் உறுதியான மரம் என்பதால் உலக்கைப்பாலை என்றும் சொல்வார்கள். அதன் சிறிய மஞ்சள் பழம் தித்திக்கும். தின்றபின் உதட்டில் பிசுபிசுவென்று பால் ஒட்டும். கடலுக்கு அக்கரையில், யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் இதே பாலைப்பழத்தைப் பிள்ளைகள் விரும்பித் தின்பார்கள். கூடவே நாவல், காயா, களா, காரை. உப்பு நிலத்தையும் பொறுத்துக்கொள்ளும் உகா மரமும் உண்டு. அதன் குச்சிதான் பல் துலக்கப் பயன்படும் மிஸ்வாக்.

பாலை இலையைத் தொட்டுப் பாருங்கள். தோல் போலத் தடித்து, மேலே மெழுகு பூசியதுபோல் பளபளக்கும். நீர் வீணாக ஆவியாகாமல் காக்கும் ஏற்பாடு இது. கோடையில் இலையை உதிர்த்துவிட்டு மழைக்காகக் காத்திருப்பது தேக்கின் வழி. இருக்கும் இலையைக் காப்பாற்றிச் சிக்கனமாகச் செலவழிப்பது பாலையின் வழி. இத்தகைய காட்டை ‘வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு’ என்று தாவர நூலார் அழைக்கிறார்கள். உலர்ந்தும் பசுமை மாறாத காடு! பெயரிலேயே ஒரு புதிர் இருக்கிறதல்லவா? ஒரு காலத்தில் சோழமண்டலக் கரையோரம் பரவியிருந்த இந்த வகைக் காடு இன்று சிறுசிறு கோயில் காடுகளாகவும் திட்டுகளாகவும் சுருங்கிவிட்டது. மிஞ்சிய திட்டுகளில் சிறந்த ஒன்று கோடியக்கரை.

செலவைச் சுருக்குவது சரி. வரவு எங்கே? சிக்கனக்காரனுக்கும் ஏதாவது வருமானம் வேண்டுமே!

கை ஊற்று

சில ஆண்டுகளுக்கு முன் கல்லூரி மாணவர்கள் சிலரை இந்தப் பக்கம் அழைத்து வந்திருந்தேன். சரணாலயத்துக்கு வெளியே, கடலிலிருந்து சற்று உள்ளே தள்ளி, தென்னந்தோப்பு ஒன்றில் ஒரு பெரியவர் மணலில் தோண்டிய குட்டையிலிருந்து குடத்தால் நீர் முகந்து கத்தரிச் செடிகளுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். குட்டை இடுப்பளவு ஆழங்கூட இல்லை.

“ஐயா, இது உப்புத் தண்ணியா?” என்று கேட்டான் ஒரு மாணவன்.

“குடிச்சுப் பாருங்க தம்பி” என்றார் அவர்.

குடித்தான். முகத்தில் வியப்பு. “சார், உப்பே இல்லை! கடல் அதோ தெரியுது. மணல்ல ஊறித்தான் இங்கே வருதா? மணல் உப்பை வடிகட்டிடுமா?”

நல்ல கேள்வி. உங்களில் பலரும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். ஆனால் விடை தவறு. கலங்கல் நீரில் மிதக்கும் மண் துகள்களை மணல் தடுக்கும். உப்போ கரைந்து, அயனிகளாகப் பிரிந்து நீரோடு நீராக இருக்கிறது. ஒரு குவளை உப்புக் கரைசலை எத்தனை படி மணலில் ஊற்றினாலும் கீழே உப்புக் கரிப்பாகத்தான் சொட்டும்.

அப்படியானால் குட்டையில் இருந்தது கடல்நீரே அல்ல. அது மழைநீர்.

ஒரு ஹெக்டேர் மணல்மேட்டில் ஒரே ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் விழுவது 100 கன மீட்டர், அதாவது ஒரு லட்சம் லிட்டர் நீர். களிமண் தரையில் அதில் பெரும்பங்கு வழிந்தோடிவிடும். மணலில் வழிந்தோட நேரமே இல்லை. விழுந்த இடத்திலேயே உறிஞ்சப்படும். அதிலும் காட்டுத் தரையில் சருகு மூடியிருந்தால் கடும் மழையின் வேகம் தணிந்து நிதானமாக இறங்கும். சரி, இறங்கிய நீர் எங்கே போகிறது? கீழே மணலின் இடுக்குகளில் கடல்நீர் ஏற்கெனவே நிரம்பியிருக்கிறதே!

நாற்பது மடங்கு கணக்கு

ஒன்பதாம் வகுப்பில் படித்த U வடிவக் குழாயை நினைவுகூருங்கள். ஒரு புறத்தில் கடல்நீரையும் மறுபுறத்தில் நன்னீரையும் ஊற்றுவோம். கடல்நீரின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.025 கிராம்; நன்னீருக்கு 1 கிராம். இரண்டும் சந்திக்கும் மட்டத்திலிருந்து கடல்நீர் 40 செ.மீ. உயரம் நின்றால், அதைச் சமன்செய்ய நன்னீர் எவ்வளவு உயரம் நிற்க வேண்டும்? 40 x 1.025 = 41 செ.மீ. ஆக, நன்னீர் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக நிற்கும்.

இந்தக் குழாயை அப்படியே கோடியக்கரையாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு புறம் கடல். மறுபுறம் மணலுக்குள் ஊறிய மழைநீர். மணலுக்குள் நீர்மட்டம் கடல் மட்டத்தைவிட 1 செ.மீ. உயர்ந்திருந்தால், கடல் மட்டத்துக்குக் கீழே 40 செ.மீ. வரை நன்னீர் இருக்க வேண்டும்! அரை மீட்டர் உயர்ந்திருந்தால் 20 மீட்டர்! அதாவது மழைநீர் கடல்நீரின்மேல் தெப்பம்போல் மிதக்கிறது. பனிக்கட்டி மிதக்கும்போது பெரும்பகுதி நீருக்குள் மூழ்கியிருப்பது போலத்தான் இதுவும். நடுவில் தடித்து, கடலோரத்தில் மெலிந்து, வில்லை போன்ற வடிவத்தில் இந்த நன்னீர்த் தெப்பம் இருக்கும்.

இந்தக் கணக்கை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் டச்சு நாட்டுப் பொறியாளர் பாடன் கைபன் கண்டார். ஜெர்மானியரான ஹெர்ஸ்பெர்க் 1901-இல் வடகடல் தீவுகளின் குடிநீரை ஆராய்ந்து அதே முடிவுக்குத் தனியாக வந்தார். இன்று இருவர் பெயராலும் இது வழங்கப்படுகிறது.

நடைமுறையில் கணக்கு இவ்வளவு சுத்தமாக இராது. மணலுக்கிடையே களிமண் அடுக்குகள் குறுக்கிடும். நன்னீருக்கும் கடல்நீருக்கும் நடுவே கத்தியால் வெட்டியதுபோல் கோடு இல்லை. இரண்டும் கலந்த ஒரு பகுதி இருக்கும். ஆனால் அடிப்படை இதுதான். கடலுக்கும் மரத்தின் வேருக்கும் நடுவே நிற்பது போன வடகிழக்குப் பருவமழை.

செய்து பாருங்கள்

ஒரு கண்ணாடிக் குவளையில் பாதியளவு நீர் எடுத்து ஒரு தேக்கரண்டி நிறைய உப்பைக் கரையுங்கள். நிறம் தெரிவதற்காகச் சில துளி பீட்ரூட் சாறு விடுங்கள். வட்டமாக வெட்டிய காகிதத் துண்டு ஒன்றை அதன்மேல் மிதக்கவிட்டு, கரண்டியின் முதுகு வழியாக நல்ல நீரை மெல்ல மெல்லக் காகிதத்தின்மேல் வழியவிடுங்கள். அவசரம் கூடாது. குவளை நிறைந்ததும் கீழே சிவப்பு, மேலே தெளிவு என்று இரண்டு அடுக்குகள் தெரியும். கோடியக்கரை மணலுக்குள் இருப்பது இதுதான்.

இப்போது ஊசி இல்லாத ஒரு சிரிஞ்சை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நுனியைத் தெளிந்த நீரின் மேல்பரப்பில் வைத்து மெதுவாக உறிஞ்சுங்கள். நல்ல நீர் வரும். அடுத்து நுனியை எல்லைக்குச் சற்று மேலே இறக்கி வேகமாக உறிஞ்சுங்கள். கீழேயிருந்து சிவப்பு நீர் குமிழ்போல் எழும்பி சிரிஞ்சுக்குள் ஏறுவதைக் காண்பீர்கள். இந்தக் காட்சியை மறக்க வேண்டாம். மீண்டும் இதற்கு வருவோம்.

சாண் ஏற முழம் மாறும்

கோடியக்கரையின் மிக உயர்ந்த இடம் இராமர் பாதம் என்ற மணல்மேடு. இராமர் நின்று இலங்கையைப் பார்த்த இடம் என்பது மக்கள் நம்பிக்கை. உயரம் எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? கடல் மட்டத்திலிருந்து சுமார் 4 மீட்டர்தான்! ஆனால் நாற்பது மடங்கு கணக்குத் தெரிந்தவர்கள் இந்த உயரத்தைக் குறைவாக எடைபோட மாட்டார்கள். இங்கே ஒரு சாண் உயரம் கூடினாலும் தாவரமே மாறிவிடுகிறது.

உயர்ந்த மணல் வரப்புகளின்மேல் பாலைக் காடு. அதற்குக் கீழே, மழைக்காலத்தில் நீர் தேங்கும் தாழ்ந்த தரையில் புல்வெளி. இதுதான் வெளிமானின் வீடு. ஆண்மானுக்குக் கறுத்த முதுகும் முறுக்கிய கொம்பும். பெண்மான் இளம் பழுப்பு. காட்டுக்குள் ஒளியாமல் திறந்த வெளியில் மேய்ந்து, ஆபத்து வந்தால் ஓடித் தப்புவது இதன் இயல்பு. ‘வெளிமான்’ என்று பெயரிட்டவர் நல்ல இயற்கை ஆராய்ச்சியாளராகத்தான் இருந்திருக்க வேண்டும்.

இன்னும் கீழே, கடல்நீர் வந்து போகும் சேற்றுப் பரப்பு. குளிர்காலத்தில் இங்கே பூநாரைகள் கூட்டங்கூட்டமாக நிற்கும். அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி, நுண்ணுயிர்களையும் சிறு இறால்களையும் சலித்துத் தின்னும். அந்த உணவில் உள்ள நிறமிகளே அவற்றின் இறகுக்குச் செந்நிறம் தருகின்றன. சைபீரியாவிலிருந்து வரும் சிட்டுக்குருவியளவு உள்ளான்களும் இங்கே இரை தேடும். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் இங்கே பல ஆண்டுகளாகப் பறவைகளின் காலில் வளையமிட்டு அவற்றின் பயணத்தை ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். பறவையியலறிஞர் சாலிம் அலியும் இதில் பங்கு கொண்டவர்.

மேற்கே முத்துப்பேட்டைக்குப் போனால் வேறொரு காட்டைப் பார்க்கலாம். கோரையாறு, பாமணியாறு முதலிய காவிரிக் கிளைகள் கடலில் கலக்கும் காயலில் அலையாத்தி மரங்கள் நிற்கின்றன. இலையைத் தொட்டு நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். பாலை மரம் உப்பிலிருந்து விலகி மேட்டில் நிற்கிறது. அலையாத்தியோ உப்பு நீரிலேயே நின்று, ஏறிய உப்பை இலை வழியே வெளியேற்றிவிடுகிறது. ஒரே கடற்கரை, வாழ்வதற்கு இரண்டு வழிகள்.

ஒரு சாண் இறங்கினால்

இனி கவலைக்குரிய பக்கத்துக்கு வருவோம். நாற்பது மடங்கு கணக்கு இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி. நன்னீர் ஒரு சாண் உயர்ந்தால் நாற்பது சாண் நீர் சேரும் என்பது உண்மையானால், ஒரு சாண் இறங்கினால் கீழேயிருந்து உப்பு நீர் நாற்பது சாண் ஏறும் என்பதும் உண்மைதானே? உடனே அல்ல, மெல்ல மெல்ல, கண்ணுக்குத் தெரியாமல் ஏறும்.

தோப்புப் பெரியவரின் குட்டையை இப்போது மறுபடி பாருங்கள். வேதாரணியத்து மணற்பாங்கில் புகையிலையும் காய்கறியும் பயிரிட்டவர்கள் ஆழமில்லாத குட்டைகளைத் தோண்டிக் குடத்தால் முகந்து ஊற்றினார்கள். இயலாமை என்று நாம் நினைக்கலாம். ஆனால் சிரிஞ்சு சோதனையைச் செய்தவர்களுக்கு அதன் அறிவு விளங்கும். அவர்கள் மிதக்கும் நன்னீரின் ஆடையை மட்டும் மெல்ல எடுத்தார்கள். ஆழ்துளைக் குழாயை இறக்கி மோட்டாரை ஓட்டுவது, எல்லைக்கு அருகில் சிரிஞ்சை வைத்து வேகமாக உறிஞ்சுவதற்குச் சமம். முதலில் தண்ணீர் கொட்டும். ஒரு நாள் கரிக்கும். கரித்தபின் மோட்டாரை நிறுத்தினால் போதாது. பழைய நிலை திரும்பப் பல மழைக்காலங்கள் காத்திருக்க வேண்டும்.

உப்பு மேலிருந்தும் வரலாம். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை நாகை மாவட்டத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. ஊருக்குள் புகுந்த கடல்நீர் கிணறுகளையும் உப்பாக்கிவிட்டது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் இந்தக் கரையில்தான் ஏறியது. மணிக்கு 100 கி.மீ.க்கு மேற்பட்ட காற்று. காட்டில் மரங்கள் வேரோடு சாய்ந்தன. மான்களும் பறவைகளும் மடிந்தன. தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களில் தென்னை மரங்கள் கணக்கின்றி விழுந்தன. புயலுக்குப் பின் அந்தத் தோப்புக்கு மறுபடி போனேன். பாதி மரங்கள் இல்லை. பெரியவர் குட்டைக் கரையில் உட்கார்ந்திருந்தார். நான் கேட்பதற்குள் அவரே சொன்னார்: “கரிக்குது வாத்தியாரே. நாலு மழை நல்லா விழுந்தா தெளிஞ்சுடும்.”

அவர் எந்தப் புத்தகத்தையும் படித்துச் சொல்லவில்லை. ஆனால் அது சரியான விடை. மேலிருந்து இறங்கும் மழைநீர் உப்பைக் கீழே தள்ளிக்கொண்டு போகும். மழை பெய்ய வேண்டும். பெய்த மழையை வாங்கிக்கொள்ள மணல்மேடும் இருக்க வேண்டும். மேட்டையே அள்ளிக்கொண்டு போய்விட்டால் எத்தனை மழை பெய்து என்ன?

இன்னும் இரண்டு செய்திகள். வெளிமானின் புல்வெளியில் சீமைக்கருவேலம் பரவிவருகிறது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த முள்மரம் அது. நெற்றைத் தின்னும் கால்நடைகளும் விலங்குகளும் சாணத்தோடு விதையைப் போகுமிடமெல்லாம் விதைக்கின்றன. வெளி மூடினால் வெளிமானுக்கு இடமேது? அடுத்தது, உலகின் கடல் மட்டம் 1900-க்குப் பின் சராசரியாக ஏறக்குறைய 20 செ.மீ. உயர்ந்திருக்கிறது, இன்னும் உயர்ந்துகொண்டிருக்கிறது. கடல் உயர்ந்தால் மணலுக்குள் எல்லையும் உயரும். மேட்டின் உயரமோ அதே நாலு மீட்டர்தான். மலை நாட்டுக்காரருக்கு 20 செ.மீ. ஒரு பொருட்டல்ல. கோடியக்கரைக்கு அது ஒரு சாண்.

போகும்போது

பறவைகளைப் பார்க்க நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். காடு எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் கோடையில் போங்கள். குடிநீரைக் கையோடு கொண்டுபோங்கள். சரணாலயத்துக்குள் வனத்துறையின் அனுமதியோடு, சொன்ன பாதையில் மட்டும் நடங்கள். குரங்குகளுக்குத் தின்பண்டம் போடாதீர்கள். பிளாஸ்டிக் பையை அங்கே விட்டுவிட்டு வராதீர்கள்.

கடற்கரையோர ஊரில் வசிப்பவர்கள் இன்னொரு வேலையும் செய்யலாம். உங்கள் தெருவில் நாலைந்து கிணறுகளைத் தேர்ந்தெடுங்கள். மாதம் ஒருமுறை நீர்மட்டம் எத்தனை அடி ஆழத்தில் இருக்கிறது, நீர் நல்லதா, சப்பையா, கரிக்கிறதா என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். கூடவே மழை நாட்களையும் குறியுங்கள். ஓராண்டு முடிவில் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தால் உங்கள் காலடியில் மிதக்கும் தெப்பம் தடிக்கிறதா, மெலிகிறதா என்பது தெரிந்துவிடும். இதற்கு ஒரு கயிறும் பென்சிலும் போதும்.

கோடியக்கரையில் மாலையில் காற்று கடலிலிருந்து வீசும்போது பாலை மரங்கள் சலசலக்கும். கையெட்டும் தூரத்தில் அலைச் சத்தம். அந்த மரங்களுக்குக் கீழே, மணலுக்குள், சென்ற ஐப்பசியில் பெய்த மழை இன்னும் தீராமல் கிடக்கிறது. அடுத்த ஐப்பசி வரை அது தாங்க வேண்டும். அங்கே நிற்கும்போது தரையை ஒரு நிமிடம் பாருங்கள். நீங்கள் நிற்பது கடல்மேல் மிதக்கும் மழையின்மேல்.